நிபந்தனையைச் சொல்லுங்கள், விடையை கம்ப்யூட்டர் தேடட்டும்!

சென்ற ஆண்டு என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக் கொண்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும், இரவில் யாராவது ஒருவர் பக்கத்திலேயே படுத்திருக்க வேண்டிய நிலை. அண்ணன், நான், தங்கை, கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன் என்று நாங்கள் 4 பேர். வாரத்துக்கு 7 இரவுகள். ஆளுக்கு 2 இரவு என்று வைத்துக் கொண்டால் 8. 7 இரவுக்கு 8 போதாதா? தாராளமாகப் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆனால் ஒவ்வொரு வாரமும் புதன்கிழமை இரவு வந்தால் வீட்டில் சண்டை. "சித்தப்பா, என்னால் அன்று முடியாது" என்பான் பையன். "படிக்கிற பையனுக்குப் பாட்டியோடு ஓர் இரவு இருக்க முடியாதா?" என்று நான் கோபப்படுவேன். அண்ணன் முகம் சுருங்கும். தங்கை போனிலேயே அழுவாள். நோட்டில் பென்சிலால் எழுதி எழுதி அழித்தேன். எக்ஸெல்லில் கலர் கலராக அட்டவணை போட்டேன். ஒரு பக்கம் சரி செய்தால் இன்னொரு பக்கம் பிய்த்துக் கொண்டது.

கடைசியில் கல்லூரி நாட்களில் படித்த ப்ரோலாக் நினைவுக்கு வந்தது. அதில் கன்ஸ்ட்ரெயின்ட் என்னும் வசதியைச் சேர்த்து எங்கள் நிபந்தனைகளை டைப் செய்தேன். என்டர் தட்டிய மறு நொடியே பதில் வந்தது. அந்தப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தத் தொழில்நுட்பம் என்ன என்று பார்ப்போம்.

"எப்படி" வேண்டாம், "என்ன" போதும்

சி, ஜாவா, விஷுவல் பேசிக் போன்ற மொழிகளில் ப்ரோகிராம் எழுதும்போது, ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறோம். முதலில் இதை எடு, அதோடு கூட்டு, பெரியதாக இருந்தால் அங்கே போ என்று சமையல் குறிப்பு போல எழுதுகிறோம்.

லாஜிக் ப்ரோகிராமிங் மொழிகள் வேறு வகை. இவற்றில் நமக்குத் தெரிந்த உண்மைகளையும் விதிகளையும் எழுதி வைத்துவிட்டுக் கேள்வி கேட்கலாம். விடை தேடும் வேலை கம்ப்யூட்டருடையது. இந்த வகையில் புகழ் பெற்ற மொழி ப்ரோலாக். 1972ல் பிரான்ஸ் நாட்டின் மார்செய் நகரில் அலென் கோல்மெரோவர், ஃபிலிப் ரூசெல் இருவரும் இதை உருவாக்கினார்கள். தர்க்க வாக்கியங்களையே ப்ரோகிராமாக ஓட்டலாம் என்பதற்கான அடிப்படையை அவர்களோடு சேர்ந்து அமைத்தவர் அப்போது எடின்பரோவில் இருந்த ராபர்ட் கோவால்ஸ்கி.

ஒரு சின்ன உதாரணம்.

மகன்(அண்ணன், அம்மா).
மகன்(பையன், அண்ணன்).
பேரன்(_அ, _இ) :- மகன்(_அ, _உ), மகன்(_உ, _இ).

முதல் இரண்டு வரிகள் உண்மைகள். மூன்றாவது வரி ஒரு விதி. ஒருவருடைய மகனின் மகன் அவருக்குப் பேரன் என்கிறது. இனி "அம்மாவுக்குப் பேரன் யார்?" என்று கேட்டாலும் பதில் வரும், "பையன் யாருக்குப் பேரன்?" என்று திருப்பிக் கேட்டாலும் பதில் வரும். ஒரே விதி, இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. அறிவை இப்படி எழுதி வைப்பதைத்தான் நாலெட்ஜ் ரெப்ரசன்டேஷன் என்று பெரிய பெயரில் சொல்கிறார்கள்.

பெயர்களுக்கு முன்னால் ஏன் அடிக்கோடு என்று கேட்கிறீர்களா? ப்ரோலாக்கில் மாறிகள், அதாவது வேரியபிள்கள், ஆங்கிலப் பெரிய எழுத்தில் அல்லது அடிக்கோட்டில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாதே! அதனால் அடிக்கோடு.

ப்ரோலாக் எங்கே திணறுகிறது?

உறவு முறையில் இரண்டு பக்கமும் ஓடும் ப்ரோலாக், கணக்கு என்று வந்ததும் ஒருவழிப் பாதையாகிவிடும். அதில் கணக்குப் போடுவதற்கு "இஸ்" என்றொரு கட்டளை உண்டு. வலது பக்கம் இருக்கும் எண்களை எல்லாம் கூட்டி, விடையை இடது பக்கம் வைக்கும். வலது பக்கத்தில் மதிப்புத் தெரியாத மாறி ஒன்று இருந்தால் போதும், பிழைச் செய்தியைக் காட்டி நின்றுவிடும். எந்த எண்ணோடு 3ஐக் கூட்டினால் 10 வரும் என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். பழைய ப்ரோலாக்குக்கு அதை நேராகக் கேட்கத் தெரியாது.

இன்னொரு சிக்கல், தேடும் முறை. அட்டவணை போடச் சொன்னால், முதலில் 7 இரவுக்கும் யாரையாவது நிரப்பும். பிறகு நிபந்தனைகளைச் சரி பார்க்கும். தவறினால் கடைசி இடத்தை மாற்றி மறுபடி பார்க்கும். 7 இரவு, 4 பேர் என்றால் மொத்தம் 16,384 வகைகள். இது கம்ப்யூட்டருக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ஒரு மாதத்துக்கு, அதாவது 28 இரவுக்கு என்று கேட்டுப் பாருங்கள். வகைகளின் எண்ணிக்கை 7 என்ற எண்ணுக்குப் பின்னால் 16 இலக்கங்கள் வரும் அளவுக்குப் போய்விடும். நொடிக்கு 10 லட்சம் வகைகளைச் சோதித்தாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 2,280 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிவிடுவார்!

கன்ஸ்ட்ரெயின்ட் என்றால் என்ன?

தமிழில் நிபந்தனை அல்லது கட்டுப்பாடு எனலாம். சாதாரண ப்ரோலாக்கில் நிபந்தனை என்பது கடைசியில் வந்து சரி பார்க்கும் பரிசோதகர். கன்ஸ்ட்ரெயின்ட் முறையில் அதே நிபந்தனை வாசலிலேயே நிற்கும் காவல்காரர். தவறான மதிப்பு உள்ளே நுழையும் முன்பே விரட்டப்படுகிறது.

இதற்காக ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பட்டியல் தரப்படுகிறது. அது எந்தெந்த மதிப்புகளை எடுக்கலாம் என்ற பட்டியல். இதை டொமைன் என்பார்கள். ஒவ்வொரு நிபந்தனையும் இந்தப் பட்டியலில் இருந்து ஒத்து வராதவற்றை அடித்துக் கொண்டே வரும். ஒரு மாறியின் பட்டியல் சுருங்கினால், அதோடு தொடர்புள்ள மற்ற மாறிகளின் பட்டியலும் சுருங்கும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுவதற்குப் ப்ராப்பகேஷன் என்று பெயர். செய்தித்தாளில் வரும் சுடோகு போடும்போது, இந்தக் கட்டத்தில் 5 வர முடியாது, 8ம் வர முடியாது, ஆகவே 2தான் என்று நீங்கள் செய்வதும் இதுவே.

10 #= _அ + 3 என்று கேளுங்கள். _அ = 7 என்று பதில் வரும். #= என்பது கூட்டி வைக்கும் கட்டளை அல்ல. இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. _அ #> 3, _அ #< 6 என்று கேட்டால் 4 முதல் 5 வரை என்று சொல்லும். முழு விடை தெரியாவிட்டாலும், தெரிந்த வரையில் சுருக்கித் தருகிறது, கவனித்தீர்களா?

இதை விளக்க ஒரு பழைய புதிர் உண்டு. 1924ல் ஹென்றி டியூடனி என்ற ஆங்கிலப் புதிர் நிபுணர் வெளியிட்டது. "செண்ட்" என்ற ஆங்கிலச் சொல்லோடு "மோர்" என்ற சொல்லைக் கூட்டினால் "மணி" வர வேண்டும். ஒவ்வொரு ஆங்கில எழுத்தும் வெவ்வேறு இலக்கம். முதல் எழுத்து 0 ஆகக் கூடாது. மொத்தம் 8 எழுத்துகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு.

கன்ஸ்ட்ரெயின்ட் முறை எப்படி யோசிக்கிறது? இரண்டு 4 இலக்க எண்களைக் கூட்டி 5 இலக்கம் வந்தால், முதல் இலக்கம் 1 ஆகத்தான் இருக்க முடியும். ஆகவே எம் என்ற எழுத்து 1. அந்த மிச்சம் வர வேண்டுமென்றால் எஸ் என்ற எழுத்து பெரியதாக இருக்க வேண்டும். இப்படியே போய், ஒரு மதிப்பைக் கூடப் போட்டுப் பார்க்காமலே எம் 1, எஸ் 9, ஓ 0 என்று முடிவு செய்துவிடுகிறது. ஈ என்ற எழுத்து 4 முதல் 7க்குள், என் என்ற எழுத்து 5 முதல் 8க்குள் என்றும் சுருக்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் சில இடங்களில் மட்டும் தேடினால் போதும். விடை: 9567 + 1085 = 10652. கூட்டிச் சரி பார்த்துக் கொள்ளுங்கள்.

யார் சேர்த்தார்கள்?

லாஜிக் மொழியையும் கன்ஸ்ட்ரெயின்ட்டையும் முறையாக இணைக்கும் கோட்பாட்டை 1987ல் ஜோக்ஸன் ஜாஃபர், ழான் லூயி லாஸே இருவரும் ஒரு கட்டுரையில் வெளியிட்டார்கள். அதன் சாரம் இதுதான். லாஜிக் மொழியின் எலும்புக்கூடு அப்படியே இருக்கட்டும். உள்ளே எந்தக் கணக்கு வேண்டுமோ அதற்கான தீர்ப்பானைப் பொருத்திக் கொள்ளலாம். பின்ன எண்கள் வேண்டுமா, அதற்கொரு தீர்ப்பான். முழு எண்கள் வேண்டுமா, அதற்கு வேறொன்று. மிக்ஸி ஒன்றுதான், ஜார் மட்டும் மாற்றுகிறோம் அல்லவா, அது மாதிரி.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் மெய்யெண்களுக்கான மொழி உருவானது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் இயங்கிய ஐரோப்பிய ஆராய்ச்சி மையம் ஒன்றில் முழு எண் பட்டியல்களுக்காக "சிப்" என்ற மொழி உருவானது. தொழிற்சாலை அட்டவணை போன்ற வேலைகளுக்கு இந்த முறை உதவும் என்று காட்டியது சிப். ப்ரோலாக்கை உருவாக்கிய கோல்மெரோவரே 1990ல் ப்ரோலாக் 3 என்ற பெயரில் கன்ஸ்ட்ரெயின்ட் உள்ள மொழியைப் பற்றி எழுதினார்.

எங்கள் வீட்டு அட்டவணை

இப்போது என் கதைக்கு வருகிறேன். அண்ணனுக்கு 1, எனக்கு 2, தங்கைக்கு 3, பையனுக்கு 4 என்று எண் கொடுத்தேன். திங்கள் முதல் ஞாயிறு வரை _தி, _செ, _பு, _வி, _வெ, _ச, _ஞா என்று 7 மாறிகள். ஒவ்வொன்றும் 1 முதல் 4க்குள் ஒரு மதிப்பை எடுக்கலாம். பிறகு நிபந்தனைகள்.

1. அண்ணனுக்குத் திங்கள் முதல் வியாழன் வரை இரவு ஷிப்ட். அந்த 4 நாளும் 1 வரக்கூடாது.
2. தங்கை வெளியூர். பிள்ளைகள் பள்ளி முடிந்து வெள்ளி மாலைதான் பஸ் ஏறி வருவாள், திங்கள் காலை போய்விடுவாள். ஆகவே அதே 4 நாளும் 3 வரக்கூடாது.
3. புதன் காலை 6 மணிக்கு நான் அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஆகவே செவ்வாய் இரவு நான் கூடாது.
4. வெள்ளி காலை 8 மணிக்குப் பையனுக்கு லேப். ஆகவே வியாழன் இரவு அவன் கூடாது.
5. யாரும் அடுத்தடுத்த 2 இரவுகள் கண் விழிக்கக் கூடாது.
6. வாரத்துக்கு யாருக்கும் 2 இரவுக்கு மேல் வேண்டாம்.

இதில் 3, 4, 5 மூன்றையும் எப்படி எழுதுவது என்று பாருங்கள்.

_செ #\= 2,
_வி #\= 4,
_தி #\= _செ, _செ #\= _பு, _பு #\= _வி, _வி #\= _வெ, _வெ #\= _ச, _ச #\= _ஞா, _ஞா #\= _தி

#\= என்றால் சமமாக இருக்கக் கூடாது என்று பொருள். கடைசியாக ஞாயிறையும் திங்களையும் இணைத்திருப்பதைக் கவனியுங்கள். வாரம் சுற்றி வருகிறதே! இதில் எங்கேயும் எப்படித் தேட வேண்டும் என்று நான் எழுதவில்லை. வீட்டில் நாங்கள் பேசிக் கொண்டதை அப்படியே எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

வந்த பதில்: "ஃபால்ஸ்"

ஆமாம். விடையே இல்லை என்று சொல்லிவிட்டது. முதலில் நான் ஏதோ தப்பாக டைப் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு பேப்பரில் அதன் வழியிலேயே போய்ப் பார்த்தேன்.

வியாழன் இரவு அண்ணன் இல்லை, தங்கை இல்லை, பையன் இல்லை. மிச்சம் நான் மட்டும். செவ்வாய் இரவு அண்ணன் இல்லை, தங்கை இல்லை, நான் இல்லை. மிச்சம் பையன் மட்டும். நடுவில் புதன். அண்ணனும் தங்கையும் வர முடியாது. செவ்வாய் விழித்த பையன் புதன் விழிக்கக் கூடாது. வியாழன் விழிக்கப் போகும் நான் புதன் விழிக்கக் கூடாது. புதனுக்கு ஆளே இல்லை!

மூன்றே வரி. இரண்டு மாதம் சண்டை போட்டோம், இந்த மூன்று வரி யாருக்கும் தோன்றவில்லை. 8 இரவு இருக்கிறது, 7தான் தேவை என்ற கூட்டல் எங்கள் கண்ணை மறைத்துவிட்டது. யாரோ ஒருவர் ஒத்துழைக்கவில்லை என்றுதான் ஒவ்வொருவரும் மனதுக்குள் நினைத்துக் கொண்டிருந்தோம். யார் மீதும் தப்பில்லை. நிபந்தனைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, அவ்வளவே.

"ஃபால்ஸ்" என்ற பதிலின் அருமை இங்கேதான். எக்ஸெல்லில் என்னால் விடை காண முடியவில்லை என்றால், விடை இல்லையா அல்லது எனக்குத் தெரியவில்லையா என்று சொல்ல முடியாது. இங்கே "இல்லை" என்பது நிரூபணம்.

அடுத்து, எந்த நிபந்தனையைத் தளர்த்தினால் விடை வரும் என்று ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தேன். ஆறாவது நிபந்தனையை, அதாவது 2 இரவுக்கு மேல் கூடாது என்பதை நீக்கினால் பயனே இல்லை. "எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகச் செய்தால் என்ன?" என்று நான் கொடுத்த லெக்சர் வீண் என்று அப்போதுதான் புரிந்தது. பையனின் லேப் நிபந்தனையை நீக்கினால் விடை வருகிறது. அடுத்தடுத்த இரவு கூடாது என்பதை நீக்கினாலும் வருகிறது. என் செவ்வாய் நிபந்தனையை நீக்கினாலும் வருகிறது.

பையனின் லேப் நேரத்தை மாற்ற முடியாது. என் அலுவலக நேரத்தை மாற்ற முடியுமா? நான் கேட்டுப் பார்த்ததே இல்லை. கேட்டேன். சனிக்கிழமை காலை வரும் நண்பர் ஒருவர் என்னோடு முறை மாற்றிக் கொள்ள உடனே சம்மதித்தார்.

மூன்றாவது நிபந்தனையை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். சரியாக 2 விடைகள். திங்கள், புதன் பையன். செவ்வாய், வியாழன் நான். வெள்ளி, ஞாயிறு அண்ணன், சனி தங்கை. அல்லது வெள்ளி, ஞாயிறு தங்கை, சனி அண்ணன். இரண்டையும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வைத்துக் கொண்டோம். பையனிடம் நான் பேசியதற்கு வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்லை சித்தப்பா, அந்த ப்ரோகிராமை எனக்கும் சொல்லிக் கொடுங்கள்" என்றான்.

விதிவிலக்குகளை என்ன செய்வது?

வாழ்க்கையில் விதிகள் எப்போதும் கறாராக இருப்பதில்லை. வேறு தகவல் இல்லாவிட்டால் முறைப்படி வருவார் என்றுதான் பேசுகிறோம். ப்ரோலாக்கில் இதை எழுதலாம்.

வருவார்(_ஆள், _நாள்) :- முறை(_ஆள், _நாள்), \+ விடுப்பு(_ஆள், _நாள்).

\+ என்பது, விடுப்பு என்று நிரூபிக்க முடியாவிட்டால் என்று பொருள்படும். இப்படிப்பட்ட விதிகள் ஒன்றையொன்று சுற்றி வரும்போது குழப்பம் வரும். அதைத் தெளிவாக்க 1988ல் மைக்கேல் கெல்ஃபாண்ட், விளாடிமிர் லிஃப்ஷிட்ஸ் இருவரும் ஒரு விளக்கம் தந்தார்கள். அதன் அடிப்படையில் பின்னர் ஆன்ஸர் செட் ப்ரோகிராமிங் என்ற முறை வளர்ந்தது. அமெரிக்காவின் விண்வெளி ஓடத்தில் திசை திருப்பும் சிறு ராக்கெட் அமைப்பில் பழுது ஏற்பட்டால் எந்த வால்வை மூட வேண்டும், எதைத் திறக்க வேண்டும் என்று திட்டம் தேடும் மென்பொருளை டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகத்தார் இந்த முறையில் உருவாக்கி 2001ல் அதைப் பற்றி எழுதினார்கள்.

ஆனால் இந்த முறைக்குப் பெரிய எண்கள் ஆகாது. மாறிகளுக்கு எல்லா மதிப்புகளையும் போட்டு விதிகளை விரித்து எழுதிக் கொண்டுதான் வேலையைத் தொடங்கும். அம்மாவின் இரண்டு மாத்திரைகளுக்கு இடையில் 30 நிமிடம் இடைவெளி வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். ஒரு நாளில் 1,440 நிமிடங்கள். இரண்டு மாத்திரை என்றால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள்! கன்ஸ்ட்ரெயின்ட் என்றால் _மா2 #>= _மா1 + 30 என்ற ஒரே வரி. ஆகவே இரண்டையும் இணைத்துவிட்டார்கள். விதிவிலக்கை ஆன்ஸர் செட் பார்த்துக் கொள்ளும், எண்களைக் கன்ஸ்ட்ரெயின்ட் பார்த்துக் கொள்ளும். ஜெர்மனியின் போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான கிளிங்கான் என்ற மென்பொருள் இந்த வகையைச் சேர்ந்தது. இலவசமாகவே கிடைக்கிறது.

நீங்களும் செய்து பார்க்கலாம்

வீட்டில் முயன்று பார்க்க ஸ்விப்ரோலாக் போதும். 1987ல் ஆம்ஸ்டர்டாமில் யான் வீலமேக்கர் தொடங்கியது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். இலவசம். இன்ஸ்டால் செய்ததும் "சிஎல்பிஎஃப்டி" என்ற நூலகத்தை மறக்காமல் ஏற்றிக் கொள்ளுங்கள். #= போன்ற குறிகள் அதில்தான் இருக்கின்றன. பைலை யூடிஎஃப் 8 முறையில் சேமித்தால் தமிழ்ப் பெயர்களையே பயன்படுத்தலாம். நிபந்தனைகளை எல்லாம் முதலில் எழுதுங்கள். மதிப்புகளைத் தேடச் சொல்லும் "லேபல்" கட்டளையைக் கடைசியில் வையுங்கள். வரிசை மாறினால் பழைய ப்ரோலாக் போலவே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கொண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் சொல்லாத நிபந்தனை கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தங்கைக்கு இரவுப் பயணம் ஒத்துக் கொள்ளாது என்று நீங்கள் எழுதாவிட்டால், அது கவலைப்படாது. எந்த நிபந்தனையைத் தளர்த்தலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் நாம் எடுக்க வேண்டிய முடிவுதான். அதற்கு முன்னால் எல்லோருடைய நிபந்தனையையும் ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் செய்யாத வேலை அது.

அம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். அட்டவணை இன்னும் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. உங்கள் வீட்டிலோ குடியிருப்பிலோ இப்படி ஒரு தீராத அட்டவணைச் சண்டை இருந்தால், இந்த வாரமே நிபந்தனைகளை எழுதிப் பாருங்கள்.